ஏரியில் வாழும் மடவை குட்டையில் ஏன் சாகிறது?

ஆந்திர எல்லையில் உள்ள தடா என்ற ஊருக்கு அருகிலிருந்து எழுதியிருக்கும் நண்பரின் கேள்வி இது. பழவேற்காட்டு ஏரியில் பிடித்த மடவைக் குஞ்சுகளைத் தம் நிலத்துக் குட்டையில் விட்டார். விடிவதற்குள் பெரும்பாலானவை செத்து மிதந்தன. தண்ணீரில் உப்பு இல்லை, அதனால்தான் செத்தன என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் ஆறுகள் பெருகி ஏரித் தண்ணீரே உப்பற்றுப் போகும்போதும் இதே மடவை அங்கே நன்றாகத்தானே இருக்கிறது, அப்படியானால் கடல் மீன், ஆற்று மீன் என்று பிரிப்பதற்கு என்ன பொருள் என்று கேட்டிருக்கிறார். இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. உப்பு மாறும்போது மீனின் உடல் என்ன செய்கிறது என்பது ஒன்று. அந்த வேலையைச் செய்து முடிக்க அதற்கு என்ன வேண்டும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆய்வின் தெளிவான விடை இருக்கிறது. இரண்டாவது கேள்வியை நாம் போதிய அளவு கேட்பதில்லை. குட்டைகளில் குஞ்சுகள் சாவதற்கும், ஏரியில் மீன்வளம் ஏறி இறங்குவதற்கும் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

நான் மீன்களின் உடலியங்கியல் படித்தவன். ஆந்திர எல்லையை ஒட்டிய உவர்நீர்ப் பண்ணைகளில் பல ஆண்டுகள் வேலை செய்தவன். மீன் நோய்கள் என் துறை அல்ல. உங்கள் குட்டையின் நீரை நான் சோதித்துப் பார்க்கவும் இல்லை. ஆகவே உங்கள் குஞ்சுகள் இன்ன காரணத்தால்தான் செத்தன என்று இங்கிருந்தே அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன். எவை நிச்சயமானவை, எவை இன்னும் விவாதத்தில் இருப்பவை என்பதைப் பிரித்துச் சொல்ல முயல்கிறேன்.

முதலில் நிச்சயமானவை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. எலும்பு மீன்களின் இரத்தமோ, அவை கடலில் வாழ்ந்தாலும் ஆற்றில் வாழ்ந்தாலும், கடல்நீரின் செறிவில் மூன்றில் ஒரு பங்கு அளவிலேயே இருக்கிறது. கடலில் இருக்கும் மீனைச் சுற்றி அதன் இரத்தத்தைவிட உப்பு மிகுந்த நீர் இருப்பதால், உடலின் நீர் செவுள் வழியாக ஓயாமல் வெளியேறுகிறது; நீருக்குள் இருந்துகொண்டே அந்த மீன் வறண்டுபோகும் நிலையில் இருக்கிறது என்பது மிகைப்படுத்தல் அல்ல. அதை ஈடுகட்ட அது கடல்நீரைக் குடிக்கிறது, குடலில் நீரையும் உப்பையும் சேர்த்தே உறிஞ்சுகிறது, பிறகு வேண்டாத சோடியத்தையும் குளோரைடையும் செவுள் வழியாகவும், மக்னீசியத்தையும் சல்பேட்டையும் சிறுநீரகம் வழியாகவும் வெளியேற்றுகிறது. சிறுநீரை மட்டும் மிகச் சிறிதளவே விடுகிறது. நன்னீரில் எல்லாமே தலைகீழ். நீர் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும், உப்பு கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே அந்த மீன் நீரை மிகக் குறைவாகவே குடிக்கும், நீர்த்த சிறுநீரை ஏராளமாகக் கழிக்கும், சுற்றியுள்ள நீரில் இருக்கும் அற்ப உப்பையும் ஆற்றலைச் செலவிட்டுச் செவுளால் இழுத்துக்கொள்ளும். கடல் மீன் நீரைக் குடிக்கிறது என்பதை ஹோமர் ஸ்மித் 1930இல் நிறுவினார். உப்பை வெளியேற்றும் தனிச் செல்கள் விலாங்கின் செவுளில் இருப்பதை ஆன்செல் கீஸும் வில்மரும் 1932இல் விவரித்தார்கள். நன்னீர் மீன்கள் உப்பை உள்ளே இழுக்கின்றன என்பதை ஆகஸ்ட் குரோக் அதே பத்தாண்டில் காட்டினார்.

உங்களுக்கு மடவை கிடைக்கும்போது ஒருமுறை செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். வளைந்த எலும்பின் மேல் சிவந்த இழைகள் இரு வரிசையாக அடர்ந்திருக்கும். ஒவ்வோர் இழையின் இருபுறமும், கண்ணுக்குத் தெரியாத அளவில், மெல்லிய தகடுகள் நெருக்கமாக நிற்கின்றன. ஆக்சிஜன் உள்ளே வருவது அந்தத் தகடுகளின் வழியாகத்தான். தகடுகளின் அடிப்பகுதியில், இழையின் மேற்பரப்பில், முன்பு சொன்ன உப்பை வெளியேற்றும் செல்கள், அதாவது குளோரைடு செல்கள், பதிந்திருக்கின்றன. கடல்நீரில் இருக்கும் மடவையின் செவுளில் இந்தச் செல்கள் பெரியவையாக, வெளிப்புறம் குழிந்த வாயோடு, உப்பை வெளியே தள்ளும் நிலையில் இருக்கும். அதே மீன் சில நாள் நன்னீரில் இருந்துவிட்டால் அவற்றின் வடிவமும், அவற்றின் சவ்வில் உள்ள புரதங்களும் மாறி, உப்பை உள்ளே இழுக்கும் பணிக்குத் திரும்பியிருக்கும். இந்த மாற்றத்தை இயக்குபவை ஹார்மோன்கள். கடலுக்கு ஏற்பச் செவுளைத் திருப்புவதில் கார்டிசாலுக்கும், நன்னீருக்கு ஏற்பத் திருப்புவதில் புரோலாக்டினுக்கும் முதன்மைப் பங்கு உண்டு. புரோலாக்டினைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பி நீக்கப்பட்ட கில்லி மீன் என்ற சிறு மீன் நன்னீரில் செத்துவிடும், புரோலாக்டின் செலுத்தினால் பிழைக்கும் என்பதைக் கிரேஸ் பிக்ஃபோர்டும் பிலிப்ஸும் 1959இல் காட்டினார்கள்.

உங்கள் கேள்விக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, இந்த மாற்றம் நொடியில் நடப்பதில்லை என்பதுதான். ஹார்மோன் சுரப்பது சில மணி நேரத்தில் தொடங்கிவிடும். ஆனால் பழைய செல்கள் திருந்தி, புதிய செல்கள் வளர்ந்து, இரத்தத்தின் உப்பளவு மீண்டும் நிலைக்கு வர, பொதுவாகச் சில நாட்கள் முதல் ஒரு வாரம் வரை ஆகிறது. அந்த இடைவெளியில் மீன் தன் இரத்தத்தின் சமநிலை சரிந்த நிலையில் நீந்திக்கொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் ஏரி ஒரே இரவில் நன்னீராக மாறிவிடுவதில்லை. ஆரணியாற்றிலும் காளங்கியிலும் வெள்ளம் வரும்போது, இலேசான நன்னீர் மேலே பரவும், கனமான உப்புநீர் சற்றுக் கீழே தங்கும், முகத்துவாரத்தின் பக்கம் ஏற்றவற்றம் கலக்கிக்கொண்டே இருக்கும். ஏரியில் உள்ள மடவைக்கு விலகிப் போக இடமும், திரும்பி வர வழியும், உடலைத் திருத்திக்கொள்ள நாட்களும் இருக்கின்றன. வாளியிலிருந்து குட்டையில் ஊற்றப்படும் குஞ்சுக்கு இவற்றில் ஒன்றும் இல்லை.

இனி கடல் மீன், ஆற்று மீன் என்ற பிரிவினைக்கு வருகிறேன். அது பொய்யல்ல, ஆனால் எந்த நீரில் வாழ முடிகிறது என்பதைவிட, எந்த நீரில் பிறக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால் அந்தப் பிரிவினை இன்னும் தெளிவாக நிற்கும். மடவையும் கொடுவாவும் வளர்வதற்கு ஏரியையும் ஆற்றையும் நாடுகின்றன. முட்டையிட மட்டும் கடலுக்கோ கடல்நீர் நிறைந்த முகத்துவாரத்துக்கோ போயாக வேண்டும். அவற்றின் விந்தணு கடல்நீரின் உப்புச் செறிவு பட்டால்தான் நீந்தத் தொடங்குகிறது. மடவையின் முட்டைக்குள் ஓர் எண்ணெய்த் துளி இருக்கிறது. உப்பு மிகுந்த நீரில் அந்த முட்டை மிதக்கும், நன்னீரில் அடியில் போய்ச் சேற்றில் அமர்ந்து கெட்டுவிடும். ஆகவே முழு வளர்ச்சி பெற்ற மடவை எத்தனை ஆண்டுகள் நன்னீரில் வாழ்ந்தாலும் அதன் சந்ததிக்குக் கடல் வேண்டும். குட்டையில் மடவை கொழுத்து வளரும், ஆனால் அங்கே தானாகப் பெருகாது என்பதற்குக் காரணம் இதுவே.

ஆந்திரத்தார் பண்டுகப்பா என்று விரும்பி வாங்கும் கொடுவாவில் இன்னொரு வியப்பும் இருக்கிறது. அது முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறுகிறது. எனவே சிறிய கொடுவாக்கள் பெரும்பாலும் ஆண்கள், பெரியவை பெண்கள். முகத்துவாரத்தில் பெரிய மீன்களையே தேடிப் பிடித்துக்கொண்டிருந்தால் நாம் குறைப்பது முட்டையிடும் பெண்களை. சென்னையில் 1987இல் நிறுவப்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997இல் கொடுவாவைக் குஞ்சு பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யவைத்ததை நான் பெரிய காரியமாக மதிக்கிறேன். வளர்ப்பவர்கள் ஏரியிலும் கடலிலும் குஞ்சு வாராமல் தொழில் செய்வதற்கு அது வழி திறந்தது.

இதற்கு எதிர்த்திசையில் போவது உள்ளம் என்ற மீன். கடலில் வளர்ந்து, வெள்ளக்காலத்தில் ஆற்றில் ஏறி முட்டையிடுவது அது. கோதாவரியில் ஏறிய உள்ளத்தைத்தான் ஆந்திரத்தார் புலசா என்று தனியாக மதித்து, கடலில் பிடித்ததைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்குகிறார்கள். கங்கையில் 1975இல் ஃபராக்கா அணை செயல்படத் தொடங்கிய பின் அதற்கு மேலே உள்ள ஊர்களில் உள்ளம் பிடிபடுவது மிகவும் குறைந்துபோனது. இரண்டு நீரிலும் வாழும் ஆற்றல் அந்த மீனுக்குக் குறையவில்லை. போய் வரும் வழிதான் அடைபட்டது. விலாங்கு நன்னீரில் வளர்ந்து கடலில் முட்டையிடப் போவது. மடவையும் ஏறத்தாழ அதே திசைதான், விலாங்கைப் போல அவ்வளவு தூரம் அது போவதில்லை என்பது மட்டும் வேறுபாடு. கேரளத்தார் கொண்டாடும் கரிமீன் வேறு வகை. அது பெரும்பாலும் உவர்நீரிலேயே பிறந்து அங்கேயே வாழ்ந்து முடிந்துவிடும். கழிகளிலும் கற்களிலும் முட்டையை ஒட்டவைத்துத் தாயும் தந்தையுமாகக் காவல் காக்கும். அதற்கு முகத்துவாரத்தின் தேவை மடவைக்கு உள்ள அளவு இல்லை. உப்பைத் தாங்குவதில் பால்கெண்டையும், 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டையும் எல்லாரையும் விஞ்சியவை. கடலின் இரண்டு மடங்கு உப்பிலும் அவை உயிர்வாழும். ஜிலேபிக்கு இந்த வலிமை இருப்பது நம் ஏரிகளுக்கு நல்லதாக அமையவில்லை என்பது என் கருத்து. எங்கும் பிழைத்து, எங்கும் பெருகி, கரிமீன் போன்றவற்றின் இடத்தையும் இரையையும் அது பங்கு போட்டுக்கொள்கிறது.

மீன் தன் வாழிடத்துக்கு ஏற்ப மாறுவதை மட்டும் பேசிவிட்டு, வாழிடத்தை அது மாற்றுவதை விட்டுவிடக் கூடாது. மடவையின் வயிற்றைக் கீறினால் இரைப்பையின் ஒரு பகுதி, கோழியின் அரைவைப்பையைப் போல, தடித்த உருண்டைத் தசையாக இருக்கும். அது சேற்றின் மேல்தோலில் படர்ந்திருக்கும் நுண்பாசியையும் மக்கிய பொருளையும் மணலோடு சேர்த்து அள்ளி, அந்த மணலாலேயே அரைத்து உண்கிறது. ஏரி சராசரியாக ஒரு மீட்டர் அளவே ஆழம் உள்ளது. வெயில் அடிவரை இறங்குவதால் அடிச்சேறே விளைநிலம். அதில் மேயும் கூட்டங்கள் சேற்றைக் கிளறி, அடியில் தங்கிய ஊட்டத்தை நீருக்குத் திருப்பிக் கொடுத்து, அதையே சதையாக்கிக் கடலுக்கும் கொண்டுபோகின்றன. கடல் மீன்கள் குடிக்கும் நீரில் உள்ள கால்சியம் அவற்றின் குடலில் சுண்ணாம்புத் துகள்களாகப் படிந்து வெளியேறுகிறது. உலகக் கடல்களில் உருவாகும் இத்தகைய சுண்ணாம்புக் கார்பனேட்டில் 3 முதல் 15 விழுக்காடு வரை மீன்களால் ஆகிறது என்று 2009இல் வெளியான ஒரு கணக்கீடு கூறியது. அந்த இடைவெளியின் அகலமே, அது மதிப்பீடு என்பதையும் சொல்லிவிடுகிறது.

உப்பைப் போலவே நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனும் வாழிடத்தைப் பிரிக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் அதிக அளவாக ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனையும், கடல்நீர் ஏறத்தாழ 6.2 மில்லிகிராமையும் ஏற்கும். பாசி மிகுந்த குட்டையில் பகலில் ஆக்சிஜன் பெருகி, இரவு முழுவதும் செலவாகி, விடியலுக்குச் சற்று முன் மிகக் குறைந்த நிலைக்கு வரும். சூலூர்ப்பேட்டை, ஆரம்பாக்கம் பக்கத்துக் குளங்களில் விராலும் தேளியும் பனையேறிக் கெண்டையும் சேறான நீரிலும் தாக்குப்பிடிப்பதற்குக் காரணம், அவை மேலே வந்து காற்றை விழுங்கிச் சுவாசிப்பதுதான்; தலைக்குள்ளும் முதுகுப்புறத்திலும் அதற்கென்றே தனி உறுப்புகள் உள்ளன. பனையேறிக் கெண்டை ஈரமான தரையில் செவுள் மூடியை ஊன்றி நகர்ந்து அடுத்த குளத்துக்குப் போகும் என்பது பலரும் கண்ட உண்மை. மரம் ஏறும் என்பதை அவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கில்லை. மடவைக்கோ கொடுவாவுக்கோ இந்த வசதி எதுவும் கிடையாது.

ஆய்வாளர்களிடையே இன்னும் முடிவு காணாதவை சில. நன்னீரில் செவுள் சோடியத்தை எந்த வழியாக உள்ளே இழுக்கிறது என்பதில் ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்கள் உள்ளன. எல்லா மீன்களுக்கும் ஒரே வழி இல்லை என்பதே இப்போதைய போக்கு. உப்புச் சமநிலையைக் காக்க மீன் எவ்வளவு ஆற்றல் செலவிடுகிறது என்பதிலும் மதிப்பீடுகள் பெரிதும் வேறுபடுகின்றன. இரத்தத்தின் செறிவுக்கு இணையான நீரில், அதாவது லிட்டருக்கு 10 முதல் 12 கிராம் உப்புள்ள நீரில், மீன் விரைவாக வளரும் என்று பண்ணைகளில் சொல்வார்கள். சில இனங்களுக்கு அது பொருந்துகிறது, எல்லாவற்றுக்கும் பொருந்தவில்லை. கடலில் பிறந்த மடவைக் குஞ்சுகள் முகத்துவாரத்தை எப்படிக் கண்டுகொள்கின்றன என்பதும் அப்படித்தான். மணம், கலங்கல், உப்புக் குறைவு ஆகிய மூன்றும் துணைபுரிகின்றன என்று எண்ண இடமிருக்கிறது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

ஆனால் முகத்துவாரம் மூடினால் குஞ்சு வராது என்பதில் ஐயமே இல்லை. கடலோர மணல் நகர்ந்து வந்து கோடையில் வாயை அடைப்பதும், பழவேற்காட்டு மீனவர்கள் தம் கைப்பொருளைப் போட்டு வெட்டித் திறப்பதும் அங்கே பழகிப்போன செய்தி. மார்கழி, தை மாதங்களில் உள்ளே நுழைய வேண்டிய குஞ்சுக்கு அப்போது வாய் திறந்திருக்க வேண்டும். முட்டையிட வெளியேறும் பெரிய மீனுக்கும் அதே வழிதான். கடலோடு தொடர்பு அறுந்த ஏரியில் வெயில் நீரை வற்றவைத்து, உப்பு கடலையும் மிஞ்சிவிடும். சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏரியின் குறுக்கே செல்கிறது. அதற்கு வடக்கே உள்ள பரப்பு கோடையில் பெருமளவு வறண்டு உப்புப் பூத்துக் கிடப்பதை அவ்வழியே போகிறவர்கள் எல்லாரும் பார்க்கலாம். ஏரிக்கரை ஊர்கள் முறைவைத்து இடம் பிரித்துக்கொள்ளும் பாடு வழக்கத்தில் முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களுக்கு மதிப்பு மிகுதி. மீனும் இறாலும் போய் வரும் வழி அதுதான் என்பதை அந்த மீனவர்கள் எந்த ஆய்வும் வருவதற்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

இனி உங்கள் குட்டை. குஞ்சுகள் விடிவதற்குள் செத்தன என்று எழுதியிருக்கிறீர்கள். உப்பு மாற்றத்தால் மட்டும் சாகும் மீன் பெரும்பாலும் ஓரிரு நாள் இழுத்துச் சாகும். மிகச் சிறிய குஞ்சு சில மணி நேரத்திலும் செத்துப்போகலாம். ஆகவே உப்பு, விடியற்காலை ஆக்சிஜன் குறைவு இரண்டையும் சேர்த்தே நான் ஐயப்படுகிறேன். மூன்றாவதாக ஒன்றும் உண்டு. மடவைக் குஞ்சின் செதில் மிக எளிதாக உதிரும். வலையில் கசங்கிச் செதில் உதிர்ந்த இடங்களில் தோலின் காப்பு போய்விடுவதால், நீரும் உப்பும் அவ்வழியே புகுந்தும் கசிந்தும், முழுச் செதிலோடு இருந்தால் தாங்கியிருக்கும் மாற்றத்தைக்கூட அது தாங்காது. கிணற்று நீர் என்றால் அதன் கடினத்தன்மையையும் சோதியுங்கள். கால்சியம் போதிய அளவு உள்ள நன்னீரில் செவுளின் கசிவு குறையும்; கால்சியம் இல்லாத மென்னீர் குஞ்சுகளுக்குக் கடுமையானது. உங்கள் பகுதியில் சில ஆழ்துளைக் கிணறுகளில் நீர் உப்பாகவே வரும். அதை ஏரித் தண்ணீருக்கு இணை என்று எண்ணிவிடாதீர்கள். நாக்குக்கு ஒரே உப்பாகத் தெரிந்தாலும், நிலத்தடி உப்புநீரில் பொட்டாசியம் பெரும்பாலும் குறைவாக இருக்கும், அந்தக் குறை மீனையும் இறாலையும் தளர்த்திவிடும்.

அடுத்த முறை குஞ்சு கொண்டுவரும்போது பிடித்த இடத்தின் நீரிலேயே தொட்டியில் காற்றூட்டி ஒரு நாள் வைத்திருங்கள். கசங்கியவை அதற்குள் செத்துவிடும், அவற்றைக் கழித்துவிடலாம். பிறகு தொட்டியின் நீரைச் சிறிது சிறிதாக எடுத்துக் குட்டை நீரைச் சேர்த்து, லிட்டருக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராம் உப்புக்கு மேல் குறையாதபடி இறக்குங்கள். பத்து கிராமுக்குக் கீழே வந்ததும் இன்னும் மெதுவாக. உப்பளவைப் பார்க்கும் சிறு கருவி இறால் பண்ணைப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும், நாக்கை நம்ப வேண்டாம். விடுவது காலை வெயில் ஏறி, குட்டையில் ஆக்சிஜன் கூடிய பிறகு இருக்கட்டும். மாலையில் விட்டால் குஞ்சின் முதல் இரவே அதன் மிகக் கடினமான இரவாகிவிடும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விடாமல், குட்டையிலேயே ஒரு ஹாப்பா, அதாவது சிறுகண் வலையால் ஆன கூண்டு, கட்டி, இருபது முப்பது குஞ்சுகளை மூன்று நாள் அதில் வைத்துப் பாருங்கள். அவை இரை எடுத்துக் கூட்டமாக நீந்தினால் மற்றவற்றையும் விடலாம். செத்தால், எந்த நேரத்தில் செத்தன என்பதைக் குறித்துக்கொண்டு, அந்த நீரை அருகிலுள்ள மீன்வளத் துறை ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.